சங்கிலி ரம்பத்திற்கு மின்சாணை

சவுக்குத் தோப்புகளில் கோடரி செய்த வேலையை இன்று பெரும்பாலும் சங்கிலி ரம்பம் செய்கிறது. அறுக்கும்போது சீவல் உதிர்ந்தால் சங்கிலி கூராக உள்ளது. மாவுபோல் தூள் பறந்தால் மழுங்கிவிட்டது என அறியலாம். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பதால் எரிபொருள் வீணாவதுடன், ரம்பம் துள்ளி ஆள்மீது பாயவும் கூடும்.

ஒரே ரம்பம் வைத்திருப்போருக்கு அரமே போதும். பல ரம்பங்கள் ஓடும் ஊரில் நாலைந்து பேர் கூடி மின்சாணை வாங்குதல் சிக்கனமாகும். சங்கிலியை அசையாது பற்றும் பிடியும், கோணம் காட்டும் அளவுகோலும் உடையதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பல சங்கிலிகளுக்கு 30 பாகை பொருந்தும். ஆயினும் தயாரிப்பாளர் குறித்த கோணமே முடிவானது. சாணைக்கல்லின் தடிமனும் சங்கிலிக்கு ஏற்றதாக இருத்தல் அவசியம். கல்லில் குறித்துள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்திற்குக் குறைந்திருத்தலாகாது.

கல்லைப் பல்லின்மீது நொடிப்பொழுதே தொட்டு எடுக்கவேண்டும். சூட்டால் பல் நீலம் பாய்ந்தால் உருக்கின் பதம் கெட்டுவிடும். பின்னர் அரமும் பிடிக்காது. மிகத் தேய்ந்த பல்லை முதலில் தீட்டி, ஏனையவற்றை அதன் நீளத்திற்குக் கொணர்க. இன்றேல் ரம்பம் ஒருபுறமாக இழுக்கும். பல்லின் முன்னுள்ள மேட்டையும் அளவுபார்த்தே குறைக்கவேண்டும். மிகக் குறைந்தால் ரம்பம் துள்ளும் அபாயம் பெருகும்.

காப்புக் கண்ணாடி அணியாமல் எவரும் இச்சாணையின் அருகில் நிற்கலாகாது என்பதையும் நாம் வற்புறுத்துகிறோம்.