ஆபரேஷன் ஆஸ்பத்திரியில், பயிற்சி வீட்டில்!

புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கை பழையபடி வேலை செய்யவும், வாய் திறந்து சோறு உண்ணவும் மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டியிருக்கும். இதை மறுவாழ்வு சிகிச்சை என்கிறார்கள் டாக்டர்கள்.

மும்பை பரேலில் டாடா நினைவு ஆஸ்பத்திரி 1941-ம் ஆண்டு திறக்கப்பட்டது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். சிகிச்சை முடிந்ததும் ஊருக்கு ரயில் ஏறுகிறார்கள். பயிற்சிக்காக மட்டும் திரும்பி வருவது எல்லோராலும் ஆகிற காரியமா? கல்யாணிலோ பிவண்டியிலோ இருப்பவருக்கும் சிரமம்தான். பரேலுக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும்.

பயிற்சியை விட்டால்...

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். ஆபரேஷனுக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கும் பிறகு தாடைத் தசைகள் இறுகக்கூடும். சாதாரணமாக ஒருவர் தம் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு இடையில் நுழைக்கலாம். தாடை இறுகியவருக்கு ஒரு விரல் நுழைவதே கஷ்டமாகிவிடும்.

பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குத் தோள் இறுகலாம், கை வீங்கலாம். தலை வாருவதுகூடப் பெரும்பாடாகிவிடும். சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்துவது போன்ற எளிய பயிற்சிகள் தோள் இறுக்கத்தைக் குறைக்கும்.

டெலிபோனில் வைத்தியம்

இதைத் தூரத்திலிருந்தே சொல்லிக் கொடுக்க முடியுமா? அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர்கள் முற்றிய புற்றுநோயாளிகள் 516 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து 6 மாதம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்ற இரு பிரிவினருக்கும் நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் டெலிபோன் மூலம் கற்பிக்கப்பட்டன. அவற்றில் ஒரு பிரிவுக்கு வலி மருந்தையும் கவனித்து மாற்றினார்கள்.

2019-ல் முடிவு வெளியாயிற்று. டெலிபோனில் பயிற்சி பெற்ற இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு நடமாட்டமும் மேம்பட்டது. ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களும் குறைந்தன.

இப்போது செல்போனில் முகம் பார்த்தே பேசலாம். வாய் எத்தனை விரல் திறக்கிறது, கை எவ்வளவு உயர்கிறது என்பதை நிபுணர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துத் திருத்தலாம். டாக்டர்கள் தொலைவிலிருந்து ஆலோசனை சொல்வதற்கு மத்திய அரசு 2020 மார்ச்சில் விதிமுறைகளையும் வெளியிட்டது.

கேட்டு வர வேண்டியவை

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பயிற்சி, நாளைக்கு எத்தனை முறை? செல்போனில் பார்த்துச் சொல்ல ஆள் உண்டா? எந்த நாள், எத்தனை மணிக்கு? ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வசிக்கும் வீடுகளில் பெண்களுக்குக் கூச்சம் இருக்கும். பெண் நிபுணர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

செல்போனால் எல்லாம் ஆகிவிடாது. முதல் பரிசோதனை நேரில்தான் நடக்க வேண்டும். கை வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, எலும்பில் புதிதாக வலி எடுத்தாலோ பயிற்சியை நிறுத்த வேண்டும். அடுத்த போன் வரும்வரை காத்திராமல், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போய்விட வேண்டும்.