பூதனை வந்த வேளையில் வசுதேவர் சொன்ன சொல்

ஆயர்பாடிக்கு வந்த பூதனை, அரக்கி உருவில் வரவில்லை. பாலூட்ட வந்த அழகிய தாயைப் போல வந்தாள். அருகிலிருந்த யசோதையும் ரோகிணியும் ஐயுறவில்லை. கம்சனுக்கு வரி செலுத்தச் சென்றிருந்த நந்தகோபரிடம், கோகுலத்தில் தீங்கு நேரும் அறிகுறி தெரிகிறது, அங்கே தாமதிக்க வேண்டாம் என்று எச்சரித்தவர் வசுதேவர். கம்சனிடம் பெருந்துன்பம் அனுபவித்தவராயினும், குழந்தைக்கு ஆபத்து என்றறிந்தபோது அவர் வாய்மூடி இருக்கவில்லை.

இன்றைய பூதனை கைப்பேசி வழியே வருகிறாள். விளையாட்டுத் தோழனாகப் பேசிக் குழந்தையின் படத்தைக் கேட்பவனும், குழந்தைகளைச் சீரழிக்கும் காட்சிகளைப் பரப்புபவனும் இனிய முகத்துடனேயே நுழைகின்றனர். கண்ணனின் ஆற்றல் நம் பேரக் குழந்தைகளுக்கு இல்லை. அவர்களுக்குத் தேவை, உரியவரிடம் சொல்லிவிடும் ஒரு பெரியவர்.

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி, தியாகி சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப விரும்பிய தலம். 1923-ஆம் ஆண்டில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயத்தைக் காணாமலே 23-7-1925 அன்று சிவா அவ்வூரில் மறைந்தார். நாட்டையே தாயாக வணங்கிய அம்மண்ணில், எந்த வீட்டுக் குழந்தையும் அயலார் குழந்தை அன்று.

ஆயினும், இத்தகைய செய்தி காதில் விழுந்தால் பல குடும்பங்கள் மானத்துக்கு அஞ்சி மூடிமறைக்கின்றன. சட்டம் இதை ஏற்பதில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்கு அச்சட்டமே பாதுகாப்பும் அளிக்கிறது.

தமிழகத்தில் எழுந்த வழக்கொன்று இதை மேலும் தெளிவாக்கியது. குழந்தைகளின் ஆபாசக் காட்சியைக் கைப்பேசியில் வைத்திருந்த ஒருவர் மீதான வழக்கை, தனியே பார்ப்பது குற்றமாகாது என்று கூறிச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் 23-9-2024 அன்று மாற்றி, வழக்குக்கு மீண்டும் உயிரூட்டியது. பரப்பும் நோக்குடன் அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பது குற்றமே என்றது. அக்காட்சிகள் குழந்தைக்கு இழைத்த கொடுமையின் பதிவு என்பதை உணர்த்த, 'ஆபாசம்' என்ற சொல்லையே தவிர்க்குமாறும் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியது.

இங்கே பெரியோர் அறியாமல் செய்யும் பிழை ஒன்றுண்டு. 'இக்குழந்தையைக் காப்பாற்றுங்கள்' என்ற வேண்டுகோளுடன் அத்தகைய காட்சி வந்தால், இரக்கத்தால் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகின்றனர். ஒவ்வொரு முறை பகிரும்போதும் அக்குழந்தை மீண்டும் அவமானப்படுத்தப்படுகிறது. பகிர்வதும் குற்றமே. எச்சரிக்கும் பொருட்டுக்கூட உறவினருக்கு அனுப்பலாகாது. அனுப்பியவரின் எண், குழுவின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு புகார் செய்வதே முறை.

எங்கே சொல்வது? குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ தெரிவிக்கலாம். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், குழந்தைகள் தொடர்பான இத்தகைய புகாரைப் பெயர் கூறாமலே பதியலாம். பெற்றவர் யாரென்று கேளாமல் சிசுவை ஏற்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கண்ட தருமபுரி மக்களுக்கு, இதன் அருமை எளிதில் விளங்கும்.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அலைக்கழிப்பார்களோ என்ற அச்சமும் வேண்டாம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, இயன்றவரை பெண் அதிகாரி, சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். குழந்தையின் பெயரையும் படத்தையும் ஊடகங்கள் வெளியிடலாகாது.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். தாலாட்டுக்கும் முன்னே காவலை வைத்தனர் நம் முன்னோர். மாலையில் விளக்கேற்றியதும் பேரக் குழந்தையை அருகில் அமர்த்தி, "எது நடந்தாலும் என்னிடம் சொல், கண்ணா, நான் கோபிக்க மாட்டேன்" என்று தாத்தாவோ பாட்டியோ சொல்லட்டும். காப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.