மலைச்சரிவில் தீ

திருப்பூர், அவிநாசி, பல்லடம் முதலிய ஊர்களில் ஆறு நாள் பனியன் பொறிகளின் ஓசையிலும் பஞ்சுத் துகளிலும் காலங்கழிப்போர்க்கு ஏழாம் நாள் மலையை நோக்கிப் புறப்படும் வேட்கை உண்டாதல் இயல்பே. தெற்கே, உடுமலைப்பேட்டைக்கு அப்பால், ஆனைமலைத் தொடர் நீல மதில்போல் நிற்கின்றது. பனிச்சறுக்கும் கடலடி மூழ்குதலும் பொருளுடையார்க்கன்றி எளிதில் வாயா. மலையேற்றமோ காலும் மூச்சும் உள்ள எவர்க்கும் வாய்ப்பதாகும். ஆதலின் அவ்வழக்கம் நம் பகுதி இளைஞரிடையே பரவுதல் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆயினும் மலையில் அஞ்சத்தக்கது யாது என வினவின், வழுக்கி வீழ்தல், யானை, பாம்பு என்பனவற்றையே பலரும் கூறுவர். மாசி பங்குனித் திங்களில் காய்ந்து நிற்கும் புல்லை எண்ணுவார் மிகச் சிலர். அப்புல்லைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், சென்னையினின்று சென்ற குழு ஒன்றும், திருப்பூர், ஈரோடுப் பக்கத்தினின்று சென்ற குழு ஒன்றும் கொழுக்குமலையினின்று இறங்குங்கால் காட்டுத்தீயின் நடுவே அகப்பட்டன. புகையில் வழி தெரியாது பலர் சிதறி ஓடினர். 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சிலர் அவ்விடத்திலேயே, பலர் பின்னர் மருத்துவமனைகளில். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மீட்புக்கு வந்தன. இறந்தோரில் நம் வயதினை அடுத்த இளைஞர் பலர். தீப்புண் எத்துணைக் கொடியது என்பதனை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. அத்தீ அவர்களை எவ்வாறு முந்திற்று என்பதே அறியவேண்டுவது.

சமநிலத்தில் எரியும் தீயின் கொழுந்து மேல்நோக்கி நிற்கும். முன்னுள்ள புல்லை அது மெல்லவே சுடும். சரிவிலோ கொழுந்து மேட்டுப்புறத்துப் புல்லின்மேற் சாய்ந்துவிடுகின்றது. சூடேறிய காற்றும் மேலே எழுந்து அப்புல்லை முன்னரே உலர்த்திவிடுகின்றது. பகற்போதில் வெயிலாற் காய்ந்த சரிவுகளில் காற்று இயல்பாகவே பள்ளத்தினின்று மேட்டுக்கு வீசுவதும் அதற்குத் துணையாம். சரிவு 10 பாகை மிகுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயியல் அறிஞர் கணக்கு. 20 பாகைச் சரிவில் நான்கு மடங்கு. 30 பாகையில் எட்டு மடங்கு. மனிதனோ மேட்டில் ஏறுந்தோறும் தளர்கின்றான். கீழே தீயைக் கண்டவன் மேலே ஓடுதலே இயற்கை. அவ்வியற்கையே அவனுக்குப் பகையாகின்றது. இரு மேடுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பள்ளமாயின் அது புகைபோக்கியே போலத் தீயை இழுக்கும்.

இதற்கு ஓர் அரிய சான்று அமெரிக்க நாட்டில் உண்டு. 1949 ஆகஸ்டு 5-இல் மாண்டனா மாநிலத்தின் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில், தீயணைக்கச் சென்ற 16 பேரைப் புல்லிற் பரவிய தீ துரத்திற்று. தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தமக்கு முன்னிருந்த புல்லைத் தாமே கொளுத்தினார். அது எரிந்து கருகிய இடத்திற் குப்புறப் படுத்தார். பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு சென்றது. உடன் வருமாறு அவர் அழைத்தும் எவரும் வந்திலர். அவருக்குப் பித்துப் பிடித்தது என எண்ணினர் போலும். 13 பேர் இறந்தனர். எரிந்த இடம் மீண்டும் எரியாது என்னும் எளிய உண்மை, ஓடுகின்றவன் உள்ளத்தில் எளிதிற் புகுவதன்று. பயிற்சியில்லாதார் அவர்போற் செய்யத் துணிதல் கூடாது. ஆயினும் கருகிய தரை, வெறும் பாறைப் பரப்பு, நீருள்ள ஓடை ஆகியவை எங்கெங்கு உள்ளன என்று நடக்கும்போதே பார்த்துக்கொண்டு செல்லுதல் எவர்க்கும் இயலும். உயர்ந்த மலைகளின் மடிப்புகளில் ஒளிந்து நிற்கும் சோலைக்காடும் ஈரமுடையது. புல்வெளித் தீ பெரும்பாலும் அதன் ஓரத்தில் நின்றுவிடும்.

நம் ஊரார்க்கு உடையைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. மலையேற்றத்திற்கென விற்கப்படும் மெல்லிய ஆடைகள் பல பாலியெஸ்டராலானவை. வியர்வை உலர்தற்கு அவை நல்லனவே. ஆனால் மிகு வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், உருகாது. கம்பளி எளிதிற் பற்றாது. குளிரும் மழையும் மிக்க மலைகளில் நனைந்த பருத்தி உடலைக் குளிர்விக்கும் என்று மேனாட்டு நூலோர் அதனை விலக்குவர். பங்குனி வெயிலில் நம் மலையேறுவோனுக்கு அவ்விதி பொருந்துமென நாம் கருதவில்லை. அவனுக்குத் திருப்பூர்ப் பருத்திப் பனியனே மேல்.

குரங்கணிக்குப் பின்னர், அவ்வாண்டே, தமிழக அரசு மலையேற்றத்திற்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் வாயிலாக 40 வழிகள் முறைப்படி திறக்கப்பட்டன. நம் மாவட்டத்திற்குரியது சின்னாறு சோதனைச் சாவடியினின்று கூட்டாறு செல்லும் வழி. மழைமறைவில் அமைந்த வறண்ட முட்காடு அது. முன்பதிவின்றியும் வழிகாட்டியின்றியும் அங்குச் செல்லலாகாது. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவ்வழிகள் யாவும் தீக்காலம் கருதி மூடப்பட்டன. தேர்வுக்கு முன் ஒருமுறை மலைக்குச் சென்று வரலாமென அத்திங்களில் நாள் குறிக்கும் கல்லூரி நண்பர்கள், அந்நாளை மார்கழி விடுமுறைக்கு மாற்றிக்கொள்வார்களாக. அப்போது புல் பச்சையாகவே இருக்கும்.