போடி மலைக் கல் எவ்வளவு கெட்டி?

போடிநாயக்கனூருக்கு மேற்கே நிற்கும் மலையைப் பற்றி இரண்டு பேச்சுகள் உண்டு. பொட்டிபுரம் அருகே அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க விரும்பிய அறிவியலாளர்கள், அது பிளவு குறைந்த, உறுதியான பாறை என்பதை முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். அதே மலைத்தொடரில் போடிமெட்டுக்கு ஏறும் சாலையிலோ, கனமழை பெய்தால் பாறைகள் உருண்டு விழுந்து போக்குவரத்து நின்றுபோகிறது. அப்படியானால் இந்த மலைக் கல் கெட்டியா, இல்லையா? இரண்டு பேச்சும் உண்மைதான். கல்லின் உறுதி, நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. கல்லுக்குள் இருக்கும் கனிமம், கையில் எடுக்கும் கல், கண்ணெதிரே நிற்கும் மலை ஆகிய மூன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் மலையைப் பற்றிய வாதங்கள் ஒன்றையொன்று சந்திக்காமலே போகின்றன.

நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடும் இந்தப் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் சார்னோகைட். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் இதே இனம்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதால், 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். போடி மலையை உள்ளடக்கிய மதுரை வட்டாரப் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா ஆகியவை ஒரே பெருநிலமாக இணைந்தபோது கடுமையாக வெந்தவை. தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் நீர்ச்சத்து வற்றிப்போனது. மைக்கா போன்ற, நீரைப் பிடித்து வைக்கும் கனிமங்கள் குறைந்து பைராக்சீன் உருவானது. பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறமும் எண்ணெய் தடவியதுபோன்ற மினுக்கமும் இந்தக் கல்லுக்கு அப்படி வந்தவை.

கனிமத்தின் கடினத்தை அளக்க, 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த பத்துப் படிகள் இன்றும் பயன்படுகின்றன. எது எதைக் கீறும் என்பதே அதன் அடிப்படை. நகம் சுமார் இரண்டரை, சாதாரணக் கத்தி ஐந்தரை, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, வைரம் 10. ஆகவே சார்னோகைட்டின் பெரும்பகுதியைக் கத்தியால் கீற முடியாது. ஆனால் கீறாதது உடையாது என்று பொருளில்லை. வைரத்தைச் சுத்தியலால் நொறுக்கிவிடலாம். பாறை முழுவதற்கும் ஒரே கீறல் எண்ணும் கிடையாது. கடலை மிட்டாயில் கடலை வேறு, பாகு வேறு என்பதுபோல ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒவ்வோர் எண். கல்லை அமுக்கினால் அது பெரும்பாரம் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவது அரிது. குவாரியில் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்குபவர்கள் இந்தப் பலவீனத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமுக்கத்துக்கு அசையாத பாறை, உள்ளிருந்து விரிக்கப்படும்போது நேர்கோட்டில் பிளக்கிறது.

மலை என்று வரும்போது கணக்கே மாறிவிடுகிறது. ஆழத்தில் உருவான பாறை, மேலிருந்த பாரம் அரித்துப் போன பிறகு விரிந்து பிளவுபடுகிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர், மென்மையான அமிலமாக அந்தப் பிளவுகளில் இறங்குகிறது. ஃபெல்ட்ஸ்பார் மெல்லமெல்லக் களிமண்ணாகிறது. பைராக்சீனில் உள்ள இரும்பு துருப்பிடித்துச் செம்மை ஏற்றுகிறது. குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது. மூலைகளில் பல பக்கத்திலிருந்தும் நீர் தாக்குவதால் அவை முதலில் கரைந்து, உருண்டைப் பாறைகள் எஞ்சுகின்றன. இந்த மலைகளில் ஏலச் செடி வேரூன்றும் செம்மண் இப்படிச் சிதைந்த பாறையும் காட்டின் இலைமக்கும் சேர்ந்தது. ஏலச் செடியின் வேர் ஆழம் போகாது. மேலடுக்கு மண் போனால் கீழேயுள்ள கல் அதற்கு உதவாது. நீரும் அப்படித்தான். சிதையாத சார்னோகைட்டில் நீர் தங்க இடமே இல்லை. மேலடுக்கிலும் பிளவுகளிலும்தான் அது தங்கும். ஒருவர் போட்ட போர்வெல்லில் நீர் பீறிட, பக்கத்துத் தோட்டத்தில் அதே ஆழத்தில் வெறும் புழுதி வருவதன் காரணம் இதுவே.

மலைச்சரிவுக்குக் காரணம் சாலைவெட்டும் காடழிப்பும்தான், கல்லைக் குறை சொல்வானேன் என்று ஒருவர் கேட்கலாம். சரிவைத் தூண்டுபவை பெரும்பாலும் அவையே என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே சாலையில், ஒரே மழையில், ஓரிடம் சரிய இன்னோரிடம் அப்படியே நிற்கிறதே? பிளவுகள் சாலைப் பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் அடிவாரத்தை வெட்டினால் மேலுள்ள பாறைக்குப் பிடிமானம் போகிறது. உள்ளே ஏறிய நீரின் அழுத்தம் மீதி வேலையை முடிக்கிறது. மலைக்குள் சாய்ந்த பிளவு அவ்வளவு எளிதில் சறுக்காது. இதை அறிந்தே வெட்டுவதும் அறியாமல் வெட்டுவதும் ஒரே பொறுப்புடைய செயல்கள் ஆகா.

நியூட்ரினோ வாதத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1965-இல் கோலார் தங்கச் சுரங்க ஆழத்தில் நியூட்ரினோ தடயம் கண்ட நாடு நம்முடையது. அந்த ஆய்வைத் தொடர ஆசைப்பட்டதில் தவறில்லை. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்திருந்தால், நியூட்ரினோவைக் கண்டறிய இடையூறாக விண்ணிலிருந்து பொழியும் மியூயான் துகள்கள் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும். ஒரு வெடி வைத்தாலே மலை பொடிந்துவிடும் என்ற அச்சமும் மிகையானது. நீலகிரியில் பைகாரா நீர்மின் திட்டத்தின் நிலத்தடி மின்நிலையம் இதே இனப் பாறைக்குள்தான் இருக்கிறது. ஆனால் பாறை கெட்டி என்பது, குகை நிற்குமா என்ற கேள்விக்கு மட்டுமே பதில். பிளவுகளில் ஓடும் நீர் எங்கே திரும்பும், எந்தக் கிணறு வற்றும் என்று கேட்டவர்களுக்கு அது பதிலாகாது. 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அங்கே சுரங்கம் வந்தாலும் வராவிட்டாலும், அந்தச் சரிவுகளில் சாலை அகலமாகும், போர்வெல் இறங்கும், தோட்டத்துக்காக நிலம் வெட்டப்படும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிளவுகளின் திசை, சிதைந்த அடுக்கின் ஆழம், நீரின் பாதை ஆகிய மூன்றையும் அளந்து, அங்கே வாழும் மக்களுக்குத் தமிழில் தர வேண்டும். அந்த அறிவு நிபுணர்களின் கோப்புகளிலேயே கிடக்கும்வரை, எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஊகத்தை வைத்தே மலையின் தலைவிதியை எழுதிக்கொண்டிருப்பார்கள்.