சில்லறைக் காசில் சிறு விருந்து

பயணம் என்றதும் பெரியோர் பேருந்துக் கட்டணத்தையும் தங்கும் இடத்தையும் எண்ணிக் கவலை கொள்கின்றனர். பிள்ளைகளோ வழியில் தின்ன என்ன கிடைக்கும் என்று எண்ணி மகிழ்கின்றனர். பிள்ளைகளின் எண்ணத்தை நாம் அற்பமென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஓர் ஊரை அறிவதற்கு அதன் கோபுரமும் கோட்டையும் மட்டும் போதா. அவ்வூரார் தம் மண்ணில் விளைந்ததை எவ்வாறு பக்குவம் செய்து உண்கின்றனர் என்பதையும் அறிந்தாக வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மடியில் உள்ள சில்லறைக் காசே போதும்.

வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ திருப்பயணம் போகும் நம் குடும்பங்களும், கோடை விடுமுறையில் உறவினர் வீடு செல்லும் நம் பிள்ளைகளும் வழிநெடுகத் தின்பண்டங்களைக் காண்கின்றனர். எனினும் இன்று பலர் வீட்டிலிருந்து புறப்படும்போதே பளபளக்கும் உறைகளில் அடைத்த வறுவல்களை வாங்கிப் பைகளில் நிரப்பிக்கொள்கின்றனர். எந்த ஊருக்குச் சென்றாலும் அதே உறை, அதே சுவை! பல ஊர்களைக் கடந்தும் ஓர் ஊரையும் சுவைக்காமல் திரும்புவது பேரிழப்பு அல்லவா? திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்மேற்கிலிருந்து வடக்கு நோக்கி, மணப்பாறையில் தொடங்கித் திருவெள்ளறை வரை செல்லும் ஒரு சிறு பயணத்தைச் சான்றாகக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

மணப்பாறையின் கைவண்ணம்

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப் பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மணப்பாறை. மாட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது முறுக்கு. நிலையத்தில் நின்று சென்ற இரயில் வண்டிகளின் பயணிகளே அதன் முதல் விளம்பரதாரர்கள் எனலாம். அரிசி மாவு, ஓமம், சீரகம், எள் ஆகிய எளிய பொருள்களே இதற்குப் போதும். பிழிந்த முறுக்கை ஒருமுறை அரைவேக்காட்டில் எடுத்து ஆறவைத்து, மீண்டும் எண்ணெயில் இட்டுப் பொரிப்பது இவ்வூர் வழக்கம். அந்த மொறுமொறுப்பின் இரகசியம் இதுவே. சிறிதே உப்புச் சுவை கொண்ட இவ்வூர்த் தண்ணீரும் ஒரு காரணம் என்று தொழில் செய்வோர் கூறுவர்.

2023ஆம் ஆண்டு மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் சிறப்பு அது தோன்றிய ஊரைச் சார்ந்தது என்று அரசு பதிவு செய்து அளிக்கும் காப்பு இது. 2019இல் பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இப்பதிவைப் பெற்றிருந்தன. இவையெல்லாம் அரண்மனை விருந்துக்கென்று தோன்றியவை அல்ல. எளிய மக்கள் எளிய மக்களுக்காகச் செய்தவை. மணப்பாறையில் இன்றும் முறுக்குத் தொழில் பெரும்பாலும் குடிசைத் தொழிலே. விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, அடுப்பின் அனலில் நின்று பிழியும் பெண்களின் உழைப்பே ஒவ்வொரு முறுக்கிலும் சுற்றிச் சுற்றி இருக்கின்றது. அவ்வருவாயில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், முதியோரின் மருந்துச் செலவும் அடங்கியுள்ளன.

கடல் கடந்த பலகாரங்கள்

தின்பண்டமும் மனிதரைப் போலவே பயணம் செய்யும் இயல்புடையது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு நம் இல்லங்களில் சுடும் அச்சுமுறுக்கை எடுத்துக்கொள்வோம். இதன் உடன்பிறப்பை இலங்கையில் ‘கொக்கிஸ்’ என்கின்றனர். டச்சுக்காரர் தம் பணியாரத்திற்கு வழங்கிய சொல்லே அவ்வாறு திரிந்தது. ஆயினும் அங்குச் சிங்களவரும் தமிழரும் சித்திரைப் புத்தாண்டுக்கு அதனைச் சுட்டு அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்கின்றனர். தூத்துக்குடியின் மக்ரூன், முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்தது. கடல்வழி வந்த ஐரோப்பியரின் பெயரும் பக்குவமும் நம் மண்ணின் முந்திரியோடு கூடியதால் பிறந்தது. ‘அல்வா’ என்ற சொல் இனிப்பைக் குறிக்கும் அரபுச் சொல். நம் ‘சீனி’யோ சீன நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கற்கண்டில் உள்ள ‘கண்டு’ என்பதன் வடமொழி மூலம், அரபு நாட்டின் வழியே மேனாடு சென்று ஆங்கிலத்தில் ‘கேண்டி’ ஆயிற்று.

இங்கிருந்து சென்றவையும் உண்டு. மலேசியாவில் முறுக்கு எல்லா இனத்தாரும் விரும்பும் பண்டமாகிவிட்டது. ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியோர் கடலையும் முறுக்கும் செய்து விற்றுத் தழைத்ததால், அவ்விடம் ‘கச்சாங் பூத்தே’ எனப்படும் அப்பண்டங்களின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்ட ஏழைக்குக் கைத்தொழிலே மூலதனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

திருச்சியும் திருவரங்கமும்

மணப்பாறையிலிருந்து திருச்சி நகருக்கு வருவோம். தெப்பக்குளத்தைச் சுற்றியும் சின்னக் கடை வீதியிலும் மாலை வேளையில் நடப்போருக்குத் தின்பண்டப் பஞ்சமே இல்லை. வேகவைத்த கடலை, தேங்காயும் மாங்காயும் தூவிய சுண்டல், எள்ளுருண்டை, பொரியுருண்டை, கடலையுருண்டை என எத்தனையோ! 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. வெல்லப்பாகு சேர்த்துப் பிடித்த கடலையுருண்டை பிள்ளைகளின் பசியை ஆற்றி உடலையும் வளர்க்கும். வெறும் மாவையும் உப்பையும் எண்ணெயையும் உறையில் அடைத்து விற்பதை இதனோடு ஒப்பிட முடியுமா?

வீதியில் பலகாரம் விற்பது தமிழகத்திற்குப் புதிதன்று. புகார் நகரின் வீதிகளில் பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அப்பம் சுட்டு விற்கும் வணிகர் நள்ளிரவில் தம் பண்டங்களோடு அமர்ந்தபடியே உறங்கிவிழும் காட்சியை மதுரைக்காஞ்சி தீட்டுகின்றது. பகலெல்லாம் உழைத்துக் கடையிலேயே கண்ணயரும் அவ்வணிகரை இன்றும் நம் பேருந்து நிலையங்களில் காணலாம்.

காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்றால், அரங்கன் கோயிலின் செல்வரப்பம் பெயர்பெற்றது. ஆனால் இப்பகுதியின் மிக மலிந்த இனிப்பு எதுவெனில், சுடவும் பொரிக்கவும் வேண்டாத வாழைப்பழமே. காவிரிப் பாசனத்தில் செழித்த பூவனும் இரஸ்தாளியும் கற்பூரவல்லியும் தார் தாராகத் தொங்குகின்றன. நடுவண் அரசு 1993இல் வாழைக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையத்தைத் திருச்சியில் நிறுவியதிலிருந்தே இம்மண்ணுக்கும் வாழைக்கும் உள்ள உறவு விளங்கும். தோலே உறையாக அமைந்த இப்பழத்தை எந்தத் தூசியும் தீண்டுவதில்லை. பயணிக்கு இறைவன் கட்டிக்கொடுத்த பொட்டலம் இது!

கண்ணைத் திறந்து வாங்குவோம்

மலிவானது என்பதற்காக எதையும் வாங்கிவிடலாகாது. தாய்மார் சிலவற்றைக் கவனித்தல் நலம். எண்ணெய் கறுத்து, நுரைத்து, நெடி வீசினால் அக்கடையை விட்டு நகர்ந்துவிடுக. பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சுவதற்கு 2018 முதல் நாடு முழுவதும் சட்ட வரம்பு உண்டு. அச்சிட்ட செய்தித்தாளில் எண்ணெய்ப் பண்டத்தைப் பொதிவதற்கும் தடை உண்டு. மையில் உள்ள நச்சுப்பொருள் உணவில் ஊறும் என்பதே காரணம். வாழையிலையிலும் மந்தாரை இலையிலும் தொன்னையிலும் தருவோரை நாடுக.

கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கண்டால் ஐயம் கொள்க. பஞ்சுமிட்டாயில் துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி என்னும் பொருள் கலந்திருப்பதைக் கண்டறிந்து, 2024 பிப்ரவரியில் புதுவை அரசும் தமிழக அரசும் அதன் விற்பனையைத் தடை செய்தன. வழியில் உண்பதற்குச் சுடச்சுட எடுத்தவையும், முறுக்கு, கடலையுருண்டை போன்ற ஈரமற்றவையும், தோலுரித்து உண்ணும் பழங்களும் ஏற்றவை. அரிந்து திறந்துவைத்த பழங்களையும், எந்த நீரில் கரைத்தனர் என்று தெரியாத வண்ணப் பானங்களையும் தவிர்ப்பதே அறிவுடைமை.

பேரம் பேசும் நாவு

இங்கு ஒன்றை நாம் நம் மனச்சான்றின் முன் வைத்துப் பார்க்க வேண்டும். கடையில் அடைத்து விற்கும் பொட்டலத்தில் அச்சிட்ட விலையை யாரும் குறைத்துக் கேட்பதில்லை. கேட்கத் துணிவதும் இல்லை. ஆனால் பேருந்துச் சன்னலோரம் கூடையைத் தலையில் தாங்கி ஓடிவரும் மூதாட்டியிடம், “ஐந்து ரூபாய் குறைத்துக்கொள், பாட்டி!” என்கிறோம். வண்டி புறப்படப் போகிறதே என்ற பதற்றத்தில் அவளும் கொடுத்துவிடுகிறாள். அவளிடம் நாம் பெற்ற அந்த ஐந்து ரூபாய், அன்றைய நாளில் அவளுக்கு மிஞ்சவிருந்த இலாபமாக இருந்தால்? பெருநிறுவனத்திடம் வாய்மூடி, ஏழையிடம் வாய் திறக்கும் நாவை எந்த நீதித் தராசில் நிறுப்பது?

தெரு வணிகரின் பிழைப்பைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்காமல் அவர்களை அப்புறப்படுத்தலாகாது என்று அது விதிக்கின்றது. சட்டம் அவர்களுக்கு நிற்க ஓர் இடத்தைத் தரலாம். வாங்குவோரின் நேர்மையே அவர்கள் வீட்டு உலையில் அரிசி இடும். எனவே கேட்ட விலை நியாயமாயிருந்தால் முகமலர்ச்சியோடு கொடுப்போம். மீதிச் சில்லறைக்கு அவர்களைத் தவிக்கவிடாமல், புறப்படும்போதே சிறு நாணயங்களை எடுத்து வைத்துக்கொள்வோம். இதனை நம் பிள்ளைகள் காணும்படி செய்வோம். நம் செயலைக் காண்பதைவிடச் சிறந்த பாடம் அவர்களுக்கு வேறில்லை.

வெள்ளறைக் கிணறு சொல்வது

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர்ச் சாலையில் சென்றால், அரிசி ஆலைகள் நிறைந்த மண்ணச்சநல்லூரைக் கடந்து திருவெள்ளறையை அடையலாம். ‘அறை’ என்றால் பாறை. வெண்பாறைக் குன்றின் மேல் அமைந்ததால் ஊர் இப்பெயர் பெற்றது. இங்குள்ள புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் பழம்பெருமை வாய்ந்தது. அதனருகே வரலாற்றறிஞர் போற்றும் ஒரு கிணறு உண்டு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டிக் கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது அது. நாற்புறமும் படிக்கட்டுகள் இறங்கிச் சுவத்திக வடிவில் வளைந்திருப்பதால், ஒரு துறையில் இறங்குவோரை மற்றத் துறைகளில் இருப்போர் காண இயலாது. ‘மாமியார் மருமகள் கிணறு’ என்று இதனை நகைச்சுவையாக அழைப்பதும் உண்டு.

அக்கிணற்றின் கல்வெட்டில் ஒரு தமிழ்ப் பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. நிலையற்ற உலகின் மேல் ஆசை வைத்து நின்றுவிடாதே என்றும், முதுமை வந்து தளரச் செய்யும் முன்னரே, உள்ளதை உண்டு, எஞ்சியதை உலகுக்குப் பயன்படுமாறு வைத்துவிடு என்றும் அது அறிவுறுத்துகின்றது. தண்ணீர் முகக்க வரும் வழிப்போக்கர் யாவரும் படிக்கட்டும் என்று 1,200 ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதிவைத்த நல்லுரை இது.

உண்ணாதே என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்டு மகிழ்; எஞ்சியதைப் பகிர்ந்துகொள் என்றே சொல்கின்றது. பயணத்தில் ஒரு பொட்டலம் முறுக்கைப் பிரித்ததும், அருகில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாதவருக்கு முதலில் நீட்டும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. அந்நீட்டிய கையிலிருந்தே எத்தனையோ நட்புகள் மலர்ந்தன. சாதியும் சமயமும் கேளாமல் தின்பண்டம் கைமாறிய இரயில் பெட்டிகளில் மனிதம் வளர்ந்தது.

அடுத்த முறை நம் குடும்பத்தோடு புறப்படும்போது, பையில் ஒரு மூலையைக் காலியாக விட்டு வைப்போம். வழியில் வரும் ஊரார் தம் கையால் செய்த பண்டம் அதனை நிரப்பட்டும். தூய்மையைப் பார்த்து வாங்குவோம். செய்தவருக்கு உரிய விலையைக் கொடுப்போம். பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்போம். விலையில் மலிந்த அப்பண்டம் விருந்தாவது அப்போதுதான்.