பாசி உண்ணும் சிறு கெளுத்தி ஒளிந்து வாழ்வது ஏன்?

நெற்செய்கை, மரக்கறிச் செய்கை ஆகியவற்றோடு சிறு மேலதிக வருவாய் கருதி அலங்கார மீன்களையும் நீர்ச்செடிகளையும் வளர்க்கும் குடும்பங்கள் இலங்கையிற் பல உள. இவ்விரண்டும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பொருள்களாம். செடி நட்ட கண்ணாடித் தொட்டிகளிற் படியும் பாசியைத் தின்பதற்கென வாங்கப்படும் மீன்களுள் ஒட்டோசிங்குளசு என்னும் சிறு கெளுத்தியும் ஒன்று. தொட்டியில் விட்ட மறுநாளே இம்மீன் கண்ணிற்படாது போய்விடும். இறந்துவிட்டதெனக் கருதிச் சிலர் கல்லையும் செடியையும் புரட்டித் தேடுவர்; வேறு சிலர் மீண்டும் பணங்கொடுத்துப் புதிய மீன் வாங்குவர். உண்மையிற் பெரும்பாலும் அம்மீன் ஓர் இலையின் அடிப்புறத்தில் அசைவின்றி ஒட்டியிருக்கும். தேடிக் கலக்குவதே அதற்குத் தீங்காகும்.

இது தென்னமெரிக்காவுக்கு உரிய மீன். அண்டீசு மலைத்தொடருக்குக் கிழக்கேயுள்ள ஆறுகளிலும் சிற்றோடைகளிலும், கரையோரத்து நீரில் அமிழ்ந்த புற்களிலும் செடிகளிலும் கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழ்வது. இப்பேரினத்துக்குப் பெயரிட்டவர் கோப் என்னும் அமெரிக்க அறிஞர், ஆண்டு 1871. முழு வளர்ச்சியடைந்த மீனும் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரையே இருக்கும். உடலிற் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் உள்ளன. வாய் தலையின் கீழ்ப்புறத்தில் உறிஞ்சுகிண்ணம் போல் அமைந்துள்ளது. அவ்வாயினால் இலையைப் பற்றிக்கொண்டே, அதன்மேற் படிந்த மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்னும்.

இத்துணைச் சிறிய மீன் பெரிய மீன்களுக்கும் பறவைகளுக்கும் எளிதில் இரையாகும். விரைந்து நீந்தித் தப்புதல் அதற்கு முதல் வழியன்று. அசையாதிருத்தலே முதல் வழி. பக்கத்தில் ஓடும் கரிய கோடும் மங்கிய நிறமும் தண்டோடும் நிழலோடும் அதனைக் கலந்துவிடச் செய்கின்றன. வயல் நண்டு ஆளரவங் கேட்டதும் வரம்பிலுள்ள வளைக்குட் புகுவது போல, இது இலைமறைவிற் புகுகின்றது. ஆகவே மறைதல் நோயன்று, இயல்பேயாம்.

எனினும், எந்நாளும் வெளிவராது ஒடுங்கிக் கிடப்பின் அதற்குக் காரணம் தொட்டியிலேயே உண்டு. முதற் காரணம் தனிமை. கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வாங்கி விடுதல் பெரும்பாலாரும் செய்யும் பிழை. ஆறு மீன்களுக்குக் குறையாது ஒருங்கே விட்டால், ஒன்றைக் கண்டு மற்றொன்று துணிவு பெற்றுப் பகலிலும் வெளிவந்து மேயும். கடுமையான வெளிச்சமும் மறைவில்லாத வெறுந்தொட்டியும் அச்சத்தை மிகுவிக்கும். பெரிய, முரட்டு மீன்களோடு இதனைச் சேர்த்தல் கூடாது. மறைவிடம் மிகுந்தால் மீன் எப்போதும் மறைந்தே இருக்குமெனச் சிலர் செடிகளைக் குறைக்கின்றனர். நிகழ்வதோ மறுதலை, ஓடி ஒளிய இடம் அருகிலுண்டெனும் போதே அது அஞ்சாது வெளிவருகின்றது.

மறைவுக்கேற்ற செடியை அயல்நாட்டிலிருந்து வருவிக்க வேண்டியதில்லை. கிரிப்டோகொரைன் வெந்திடி என்னும் நீர்ச்செடி இலங்கைக்கே உரியது. அகன்ற இலையும் நிழலில் வளரும் இயல்பும் உடையது. ஆயின் காட்டு ஓடைகளிலிருந்து இதனைப் பிடுங்குதல் தகாது. வளர்ப்போரிடமிருந்தே பெறுதல் வேண்டும். இடம் மாற்றி நட்டதும் இதன் இலைகள் கரைந்து உதிர்வதுண்டு. செடி அழிந்ததென வீசிவிடாது வேரை விட்டுவைத்தாற் புதுத்தளிர் எழும். தளிர்த்து நிழல் பரவியபின் மீன் விடுவதே முறை.

ஒளிந்திருக்கும் மீன் நலமாக உள்ளதா என்பதை அறிவதற்கு அதன் வயிறே சான்று. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வேளையிற் கீழ்ப்புறம் நன்கு தெரியும். வயிறு உருண்டு புடைத்திருந்தால் உணவு போதியது, உட்குழிந்திருந்தாற் பட்டினி. சந்தைக்கு வருவனவற்றுட் பெரும்பாலானவை ஆறுகளிற் பிடிக்கப்பட்டவை. பிடிபட்ட நாள் முதல் கடைக்கு வரும்வரை உணவின்றி வாடுவதால், முதற் சில வாரங்களிலேயே பல இறக்கின்றன. எனவே கடையிலேயே வயிற்றைப் பார்த்து வாங்குதல் நன்று. மாலை மங்கும் வேளையிற் சிறு விளக்கொன்றைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். இடைக்கிடை நீர்மட்டத்துக்குப் பாய்ந்து காற்றை விழுங்கிச் செல்வது குற்றமன்று. காற்றைக் கொண்டும் சுவாசிக்கவல்லது இம்மீன். எல்லா மீன்களும் ஓயாது மேலேயே நின்றால் மட்டும் நீர் கெட்டதென அறிந்து, ஒரு பகுதியை உடனே மாற்றுதல் வேண்டும்.

புதிதாக அமைத்த தொட்டியிற் பாசி இராது. அதில் இம்மீனை விடுதல் பட்டினிக்கு விடுதலேயாகும். சில மாதங் கழிந்து, கண்ணாடியிற் கபில நிறப் படலம் காணப்பட்ட பின்னரே விடலாம். நூல்போல் நீளும் பாசியை இது பெரும்பாலும் தீண்டாது. பாசி தீர்ந்தபின் வெள்ளரி, சுரைக்காய், பசளி ஆகியவற்றுள் ஒன்றைச் சிறிது அவித்து, கல்லோடு கட்டி அமிழ்த்தி இரவில் வைக்கலாம். எஞ்சியதைக் காலையில் அகற்றாவிடில் நீர் கெடும்.

மரக்கறிச் செய்கையாளர் இங்கு மிகவும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மருந்து தெளித்த தோட்டத்துக் காயை ஒருபோதும் தொட்டியில் இடலாகாது. பூச்சிகொல்லிகளுள் பைரித்திரொயிட்டு வகை, மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லும். செப்புக் கலந்த பூஞ்சணக்கொல்லியும் அவ்வாறே நஞ்சாகும். மருந்து கலக்கிய வாளி எத்துணை கழுவப்பட்டதாயினும் மீன் தொட்டிக்கு நீர் மொள்ள உதவாது. தெளிப்புக் காலத்தில் வயல் வாய்க்கால் நீரையும் தவிர்த்தல் வேண்டும்.

இன்னொரு மீனை இதுவென மயங்கி வாங்குவோரும் உளர். டாங்க் கிளீனர் என விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் தென்னமெரிக்காவினதே. குஞ்சாயிருக்கையில் இரண்டங்குலமே இருக்கும். அதுவும் பகலில் ஒளியும், பாசி தின்னும். ஆனால் அது ஓரடிக்கு மேலும் வளரும். சிறு கெளுத்திக்குப் பக்கத்திற் கரிய கோடு உண்டு. இதற்கோ உடலெங்கும் புள்ளியும் வரியும், முதுகிற் பாய்போல் விரியும் செட்டையும் உண்டு. தொட்டிக்கு அடங்காது வளர்ந்ததும் இதனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டோர் பலர். அதன் விளைவாக இலங்கை நீர்நிலைகளில் இது பரவிவிட்டது. இதன் ஒளியும் இயல்பே கமக்காரருக்குக் கேடாகும்: முட்டையிடுவதற்காகக் கரையில் வளை தோண்டும். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவிலும் மெக்சிக்கோவிலும் இவ்வளைகளாற் கரைகள் அரிப்புண்டு சரிந்துள்ளன. மண்ணாலான குளக்கட்டையும் வாய்க்கால் வரம்பையும் நம்பி நெல் விதைக்கும் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

தொட்டிக்கு மிஞ்சிய எம்மீனையும் கடைக்கே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். தொட்டி நீரையும் வாய்க்காலில் ஊற்றாது மரத்தடியில் ஊற்றுதல் வேண்டும். குளத்தில் வலை வீசுவோர் உறிஞ்சுவாய்க் கெளுத்தி அகப்படின் மீண்டும் நீரில் விடலாகாது. அதன் செட்டை முள் வலையிற் சிக்கிக் கண்ணிகளைக் கிழிக்குமாதலால், இழுத்துப் பறியாது துணியாற் பற்றி மெல்ல விடுவித்துக் கரைசேர்த்தல் வேண்டும்.