சிறுநீர்ச் சோதனையும் நோய்க் குறியீடும்

சித்தூரிலோ திருப்பதியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் ஒருவரது சிறுநீரில் சர்க்கரை காணப்படுகிறது எனக் கொள்வோம். அவரை உடனே நீரிழிவு நோயாளி என ஏட்டில் எழுதலாமா? கூடாது. இரத்தச் சர்க்கரை இயல்பாயிருந்தும், சிறுநீரகம் அதைத் தடுத்து மீட்கும் திறன் குறைந்திருப்பின் சிறுநீரில் சர்க்கரை தோன்றும். சோதனையிற் கண்டது குறியே, நோயன்று.

இவ்வேறுபாட்டைக் காக்கவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் தனி எண்கள் உள்ளன. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில், காரணம் துணியப்படாத நிலையில் சிறுநீரிற் காணும் இரத்தம் 'ஆர் 31', புரதம் 'ஆர் 80', சர்க்கரை 'ஆர் 81', அசிட்டோன் முதலியன 'ஆர் 82' எனப் பதிவாகும். மருத்துவர் காரணத்தைத் துணிந்தபின் அந்நோயின் எண்ணையே எழுதுதல் வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவாயின் அது 'ஈ 11'.

கருவுற்றோர் பதிவில் தனிக் கவனம் வேண்டும். கருப்பத்தால் சிறுநீரில் தோன்றும் புரதத்திற்குரிய எண் 'ஆர் 80' அன்று, 'ஓ 12.1'. இரத்த அழுத்தமும் உயர்ந்திருப்பின் அது 'ஓ 14' எனப்படும் முன்சூல்வலிப்பாக இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். எண் பிழைபடின் தாயின் அபாயம் ஏட்டில் மறையும்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இரு மாவட்டக் கணக்குகளையும் ஒப்புநோக்க, எங்கும் ஒரே முறையில் பதிவு செய்தல் இன்றியமையாதது.